மணலைப் படிச்ச மேஜர்

பாலைவனத்துல ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுறவங்க, டயர்ல காத்தைக் குறைச்சுட்டுத்தான் மணல்ல இறங்குவாங்க. இதை 1930 வாக்கிலேயே செஞ்சவர் ரால்ஃப் பாக்னால்ட். பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினீயர். லீவு கிடைச்சா, சாதா ஃபோர்டு கார்ல லிபியப் பாலைவனத்துக்குக் கிளம்பிடுவார்! சக்கரம் புதைஞ்சா அடியில இரும்புத் தகடு போட்டு ஏத்தணும். ஆனா, உயிர்ப் பிரச்னை தண்ணிதான். ரேடியேட்டர் கொதிச்சு ஆவியாப் போனா, குடிக்க வெச்சிருக்கிற தண்ணியைத்தான் ஊத்தணும். அந்த ஆவியை ஒரு டியூப் வழியா கேன்ல பிடிச்சு தண்ணியாக்கினார். இன்ஜின் ஆறினதும் அது ரேடியேட்டருக்கே திரும்பிடும். சிம்பிள் ஐடியா, உயிரைக் காப்பாத்துச்சு. 1940-ல் இந்த அனுபவத்தை வெச்சே பாலைவன ரோந்துப் படையை உருவாக்கினார். காத்துல மணல் எப்படி நகருதுன்னு 1941-ல் அவர் எழுதின புத்தகம் நாசா வரைக்கும் போச்சு. 1990-ல் இறந்தார். செவ்வாய் கிரகத்துல ஒரு மணல்மேட்டுப் பகுதிக்கு இப்போ அவர் பேர்தான். 2015-ல் க்யூரியாசிட்டி ரோவர் அங்கேயும் போய் மணலை ஆராய ஆரம்பிச்சது.