படியில் பின்பக்கமாக இறங்கியவர்: யார் இந்த வில்லியம் பேன்டிங்?

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் தன் வேலையைக் காட்டும். உடம்பு கனமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 160 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒருவருக்குச் சொந்த வீட்டு மாடிப்படியே அப்படித்தான் இருந்தது. அவர் வில்லியம் பேன்டிங். இன்று பேலியோ, கீட்டோ என்று பேசப்படும் மாவுச்சத்து குறைந்த உணவுமுறையை ஊரறியச் செய்தவர்.

பேன்டிங் டாக்டர் இல்லை. இறுதிச்சடங்கு நடத்தித் தருவதுதான் தொழில். சாதாரண ஆள் இல்லை. பிரிட்டிஷ் அரச குடும்பத்து இறுதி ஊர்வலங்களையே கவனித்த நிறுவனம் அவர்களுடையது. 1852-ல் வெலிங்டன் பிரபுவின் இறுதிச்சடங்கும் இவர்கள் பொறுப்புதான். ஆமாம், திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டினத்தில் நின்ற அதே வெலிங்டன்.

முப்பதுகளில் எடை ஏறத் தொடங்கியது. பெற்றோர் இருவருமே குண்டு இல்லை. இவரும் சும்மா இருக்கவில்லை. உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் ஒரு டாக்டர். அதிகாலையில் படகில் துடுப்பு போட்டார். தசை உறுதியானது, கூடவே பசியும் பயங்கரமாகக் கூடியது. கடல் குளியல், குதிரை சவாரி, மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. டஜன் கணக்கில் துருக்கி நீராவிக் குளியல் எடுத்தும் 3 கிலோகூட சரியாகக் குறையவில்லை. வயசானால் எடை போடத்தான் செய்யும் என்பது டாக்டர்களின் சமாதானம். பொது இடங்களில் கேலி வேறு.

1862-ல் அவர் உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. பிஎம்ஐ கணக்கில் 33-ஐத் தாண்டுகிறது. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. முழங்காலில் பேண்டேஜ், தொப்புள் குடலிறக்கத்துக்குப் பட்டை. மூட்டு வலி தாங்காமல் மாடிப்படியில் பின்பக்கமாக, மெதுவாக இறங்கினார்.

முழங்காலுக்கு என்ன ஆகிறது?

நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை, உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. படியில் இன்னும் அதிகம். மூட்டுத் தேய்மானம் உள்ள கூடுதல் எடைக்காரர்களிடம் 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சுமை சுமார் 4 கிலோ குறைவது தெரிந்தது. வலித்தால் நடை குறையும், நடை குறைந்தால் எடை ஏறும், எடை ஏறினால் மறுபடி வலி. குனிய முடியாததும் சின்ன விஷயமில்லை. சர்க்கரை நோயும் இருந்தால், பாதத்தில் புண் வந்தாலே தெரியாமல் போகலாம்.

காது டாக்டர் தந்த திருப்பம்

அந்த ஆகஸ்டில் பேன்டிங்குக்குக் காது மந்தமானது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் லீவில் போயிருந்ததால் வில்லியம் ஹார்வி என்பவரிடம் போனார். கொழுப்புதான் காதை அழுத்துகிறது என்றார் ஹார்வி. பாரிஸில் கிளாட் பெர்னார்ட் கல்லீரல், சர்க்கரை நோய் பற்றி ஆற்றிய உரைகளைக் கேட்டு வந்தவர் அவர். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு கட் ஆயின. இறைச்சி, மீன், காய்கறி, கொஞ்சம் வாட்டிய ரொட்டி. தினமும் ஒயினும் உண்டு. அதற்கு இன்றைக்கு எந்த டாக்டரும் தலையாட்ட மாட்டார்.

ஒரு வருடத்தில் 46 பவுண்டு, சுமார் 21 கிலோ குறைந்தது. காது கேட்டது. முழங்கால் பேண்டேஜ் போனது. படியில் எல்லோரையும்போல முன்பக்கமாக இறங்கினார்.

1863-ல் இதைச் சிறு நூலாக எழுதி, சொந்தக் காசில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். சக்கைப்போடு போட்டது. மருத்துவ உலகம் மட்டும் கடுகடுத்தது: ஒரே ஒருவரின் அனுபவம் எப்படி ஆதாரமாகும்? கேள்வி நியாயம்தான். இருபது முப்பது வருடம் அவர் தட்டிய கதவுகளில் பதில் கிடைக்காததும் நிஜம்தான். இதே உணவுமுறை எல்லோருக்கும் ஒத்துவராது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

பேன்டிங் 80 வயதைக் கடந்து வாழ்ந்து, 1878-ல் காலமானார். ஸ்வீடனில் இன்றும் டயட் இருப்பதற்கு அவர் பெயரிலிருந்து வந்த 'பான்டா' என்ற சொல்தான் புழங்குகிறது.