குன்னூர் எலிகள்

உங்க ஹாஸ்டல் ஃப்ளோர்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார். மெஸ்ல சோத்தை ஒதுக்கிட்டு நாலு முட்டையும் பொரியலும் மட்டும் வாங்குவார். ரூம் அலமாரியில ஒரு நெய் டப்பா. திருத்தங்கல்ல இருந்து சிவகாசிக்குச் சாப்பிடப் போனாலும் பரோட்டா வேண்டாம், சுக்கா போதும்பார். பேலியோவாம். ஏன்னு கேட்டா ஒரு கதை வரும்: நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்கார டாக்டர் எலிகளுக்கு நம்ம ஊர்ச் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தாராம். சோறு தின்ன எலி நோஞ்சான் ஆச்சாம், வெண்ணெய் தின்ன எலி ஜம்முனு வளர்ந்துச்சாம்.

கதை பொய்யில்லை. ஆனா பாதிதான்.

அந்த டாக்டர் பேர் ராபர்ட் மெக்கரிசன். 1878-ல் அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் முடித்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து 1901-ல் கப்பல் ஏறினார். போட்ட இடம் வடமேற்கு எல்லை, பிறகு கில்கிட். அங்கே ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கும் கிராமங்களில், கீழே போகப் போக முன்கழுத்துக் கழலை கூடுவதைக் கவனித்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம். மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? அந்தத் தண்ணீரில் வடிகட்டிய கசடைத் தானே குடித்தார், சில தன்னார்வலர்களுக்கும் கொடுத்தார். சிலருக்குத் தைராய்டு வீங்கியது, அவருக்கும்தான். கழலைக்கு முக்கியக் காரணம் அயோடின் குறைவு என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். அவர் முடிவு முழுக்கச் சரியில்லை, ஆனால் ஆளின் குணம் இதில் தெரிந்துவிடும்.

பக்கத்தில் ஹுன்ஸா பள்ளத்தாக்கு. அங்கிருந்த மக்களின் உடற்கட்டைப் பார்த்து அசந்துபோனார். தானியம், காய், ஆப்ரிகாட் பழம், பால், வெண்ணெய், விசேஷ நாளில் ஆட்டுக்கறி, இவ்வளவுதான் அவர்கள் சாப்பாடு. அவங்களைப் பற்றி அவர் சொன்னதில் கொஞ்சம் மிகை உண்டு என்பது என் எண்ணம். ஆனா சாப்பாடுதான் காரணமா என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

1918-ல் அந்தக் கேள்வியோடு நம்ம குன்னூருக்கு வந்தார். பாஸ்டியர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறை, அதுதான் ஆய்வகம். விஷயம் பெரிபெரி. மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி சென்னை மாகாணம் முழுக்கப் பரவியிருந்த காலம். தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விடும். மிச்சமிருப்பதும் அரிசியைப் பலதடவை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் போய்விடும். புழுங்கல் அரிசியில் மட்டும், அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடுவதால், ஓரளவு தங்கும். புறா, குரங்கு என்று பலவற்றுக்கும் சத்துக்குறைவான தீனி போட்டுப் பார்த்தார். 1923-ல் அரசு சிக்கனம் என்று சொல்லிப் பணத்தை நிறுத்தியது. இரண்டு வருஷம் கழித்துத்தான் வேலை மறுபடி தொடங்கியது.

அதுக்கு அப்புறம்தான் எலிகள். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராஸி என ஏழு வகைச் சாப்பாடு, ஏழு கூட்டம் எலி. சீக்கியச் சாப்பாட்டு எலி சராசரி 235 கிராம். நம்ம சாப்பாட்டு எலி 155 கிராம், கடைசி இடம். ஏழைப் பிரிட்டிஷ்காரர் சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை டீ, ஜாம் தின்ற எலிகள் குட்டையாகி, எரிச்சலாகி, இரண்டு மாதத்தில் ஒன்றையொன்று கொன்று தின்ன ஆரம்பித்தன. (மெஸ் கமிட்டி கவனத்துக்கு.)

இப்போ இன்ஜினியரிங் மூளையோட பாருங்க. சீக்கிய எலிக்கு என்ன கிடைச்சது? தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் கேரட், முட்டைக்கோஸ், வாரம் ஒருமுறை கொஞ்சம் கறி. முதல் அயிட்டமே சப்பாத்தி! இது எந்தக் கணக்கில் லோ கார்ப்? அதோட ஒரே நேரத்தில் ஆறேழு வேரியபிளை மாத்தியிருக்கார். எடை கூடியது வெண்ணெயாலா, பாலாலா, பயறாலா? அந்த எலியை வெச்சுச் சொல்லவே முடியாது. கொழுப்புதான் காத்தது என்று மெக்கரிசனும் சொல்லவில்லை. அவர் குற்றம் சாட்டியது தீட்டிய அரிசியை, பாலும் காயும் இல்லாத தட்டை. இன்னொன்று: ராணுவத்துக்கு யாரை வெள்ளைக்காரன் விரும்பி எடுத்தானோ, அவங்க பேர் போட்ட எலிகளே மேல வந்தன. இனத்தின் பேரில் சாப்பாட்டைப் பிரித்ததே எனக்கு உறுத்தலாத்தான் இருக்கு.

ஆனா நம்ம பேலியோ நண்பர் முழுக்கத் தப்பும் இல்லை. 2025-ல் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி, இந்தியர் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து. அதைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை, சிறுதானியம் என்று மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறையவில்லை. கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் மாதிரிப் புரதம் வைத்தவர்களுக்குக் குறைந்தது. கொழுப்பு வைத்தால் அந்தப் பலன் தெரியவில்லை. நெய் டப்பாவுக்கு இது கெட்ட செய்தி. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை, மன்னிச்சிடுங்க.

மாவுச்சத்தைக் கடுமையாக வெட்டினால் முதல் ஆறு மாதம் ரத்தச் சர்க்கரை நன்றாகவே இறங்குகிறது. ஒரு வருஷத்தில் அந்த வித்தியாசம் தேய்கிறது. சிலருக்கு எல்டிஎல் கொழுப்பு ஏறுகிறது. முக்கியமா ஒண்ணு: உங்க அப்பாவோ அம்மாவோ கிளிமிப்பிரைடு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்களா இருந்தா, யூடியூப் பார்த்துட்டுத் திடீர்னு சோத்தை நிறுத்தச் சொல்லாதீங்க. மருந்து அளவு பழையபடியே இருக்க, சோறு மட்டும் நின்னா சர்க்கரை அபாயமா இறங்கி மயக்கம் வரும். டாக்டர் அளவைக் குறைச்ச பிறகுதான் தட்டை மாத்தணும்.

மெக்கரிசனுக்கு 1933-ல் சர் பட்டம் வந்தது. 1935-ல் ஓய்வுபெற்று ஆக்ஸ்போர்டில் குடியேறினார். 1960-ல் இறந்தார். அவர் ஆய்வகம் 1958-லேயே ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். பாஸ்டியர் நிறுவனம் மட்டும் குன்னூரிலேயே இருக்கிறது. ஐ.வி. முடிஞ்சு ஊட்டி போகும்போது சிம்ஸ் பார்க்கில் இறங்கினா, எதிர்ல பாருங்க.