கிரீன் வார்டிமன் பிளாக்

கிரீன் வார்டிமன் பிளாக் (ஆகஸ்ட் 3, 1836 – ஆகஸ்ட் 31, 1915) ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஆவார். ஜி. வி. பிளாக் என்றே பரவலாக அறியப்படுகிறார். சொத்தைப் பல்லைக் குடைந்து அடைக்கும் முறைக்கு அறிவியல் அடிப்படை வகுத்தவர்.

வாழ்க்கை

இலினொய் மாநிலத்தின் வின்செஸ்டர் ஊரருகே பிறந்து, பண்ணையில் வளர்ந்தார். 17ஆம் அகவையில், மருத்துவரான தம் தமையனிடம் மருத்துவம் பயிலத் தொடங்கினார். பல் மருத்துவத்தையோ 1857இல் ஒருவரிடம் சில மாதங்கள் மட்டுமே பழகினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றி, முழங்காலில் காயமுற்றார். 1864இல் ஜாக்சன்வில் நகரில் குடியேறித் தொழில் நடத்தினார். 1897 முதல் இறக்கும்வரை சிகாகோவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்தார்.

காலால் மிதித்து இயக்கும் பல் துளைப்பியைக் கண்டறிந்தவர் இவரே எனச் சில நூல்கள் கூறுகின்றன. ஆனால் அதற்கான காப்புரிமையை 1871இல் பெற்றவர் ஜேம்ஸ் மாரிசன்.

பற்குழி அமைத்தல்

பிளாக்கின் காலத்தில் துளையலகுகள் (பர்) எஃகினால் ஆனவை. உடலிலேயே மிகக் கடினமான பொருளாகிய எனாமலில் அவை விரைவில் மழுங்கின. எனவே எனாமல் கோல்கள் அமைந்துள்ள திசையை அறிந்து, உளிகளால் அதனைப் பிளந்தெடுக்கும் முறையை அவர் விரிவாக வகுத்தார். சொத்தைகளை அவை தோன்றும் இடத்தைக்கொண்டு ஐந்து வகைகளாகப் பிரித்தார். குழியின் புறவடிவம், மெல்லும் விசையைத் தாங்கும் வடிவம், அடைப்பு கழலாதிருக்கும் வடிவம் என ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தினார். 1908இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது பல் அறுவை நூலில் இவை இடம்பெற்றன. 1890களில் வெள்ளி இரசக்கலவை இறுகும்போது சுருங்குவதையும் விரிவதையும் அளந்து, நம்பத்தக்க கலவையை உருவாக்கினார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டங்ஸ்டன் கார்பைடு துளையலகுகளும், 1957இல் காற்றுச்சுழலியும் வந்தன. நிமிடத்திற்கு மூன்று இலட்சம் சுற்றுகள் வரை சுழன்ற கார்பைடு, எனாமலை எளிதில் வெட்டியது. உளியின் தேவை குறைந்தது. பிளாக் வகுத்த குழி வடிவமோ பல பத்தாண்டுகள் மாறவில்லை.

தடுப்புக்கான விரிவு

இவரது கொள்கைகளுள் பின்னாளில் மிகுந்த விவாதத்துக்குள்ளானது இதுவே. சொத்தையை மட்டும் அகற்றினால் அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை தோன்றும். ஆகையால் உணவு தங்கும் அண்டைப் பிளவுகளையும் சேர்த்து வெட்டித் துப்புரவாகும் இடம்வரை குழியை விரிக்க வேண்டும் என்றார். அன்றைய நிலையில் பல்லைக் காக்க இது ஏற்ற வழியே. எனினும் நலமான பல்லின் கணிசமான பகுதி இதனால் இழக்கப்பட்டது. கார்பைடின் வேகம் அவ்விழப்பை மேலும் எளிதாக்கியது எனலாம்.

இக்கொள்கையைத் தளர்த்திய ஆய்வொன்றில் பிளாக்கே பங்கேற்றிருந்தார். கொலராடோ ஸ்பிரிங்ஸ் பகுதி மக்களின் பற்களில் காணப்பட்ட பழுப்புக் கறையை பிரெடரிக் மெக்கேயுடன் சேர்ந்து 1909 முதல் ஆராய்ந்தார். கறை படிந்த அப்பற்கள் சொத்தையை எதிர்த்து நின்றன. குடிநீரிலுள்ள புளோரைடே காரணம் என்பது 1931இல், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. புளோரைடும், 1955இல் புவோனோகோர் அறிமுகப்படுத்திய அமிலவழி ஒட்டுமுறையும் பரவியபின், இயன்றவரை சிறிய குழியே போதும் என்ற நிலை ஏற்பட்டது. அவரது ஐவகைப் பகுப்பு, பின்னர் சேர்க்கப்பட்ட ஆறாம் வகையுடன், இன்றும் கற்பிக்கப்படுகிறது.

நினைவு

1918இல் சிகாகோவின் லிங்கன் பூங்காவில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது. இவர் தலைமை வகித்த பல் மருத்துவப் பள்ளி 2001இல் மூடப்பட்டது.