ஹோமி பாபாவும் பத்துக் கோடி ரூபாய்க் கணக்கும்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று நம் சங்கத்தில் சொன்னதும், முக்கால்வாசிப் பேர் அப்துல் கலாம் அய்யாவைப் பிடித்துக்கொண்டார்கள். தப்பில்லை. ஆனால் கலாமுக்கு முன்னால் ஒருவர் இருந்தார். இந்தியாவில் அணு என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அவருடைய பெயரும் வரும். அவர்தான் ஹோமி ஜஹாங்கீர் பாபா. (பாபா என்றதும் சாயிபாபாவா, ரஜினி படமா என்று பஸ்ஸில் கேட்ட நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.)

நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கூடங்குளம் இருக்கிறதே! டிப்ளமா முடித்த பிறகு நம்மில் பலர் விண்ணப்பம் போடப்போகும் வேலைகளில் அணுமின் கழக வேலையும் ஒன்று. 2011, 2012-ல் இடிந்தகரையில் போராட்டம் நடந்தபோது நான் பால்வாடிக்குப் போகிற பிள்ளை. எங்கள் கல்லிடைக்குறிச்சி டீக்கடையில் அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றைக்கும் ஓயவில்லை. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் கடைசியில் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது, எவ்வளவு செலவாகிறது, அதை யார் பார்க்கிறார்கள்? அந்தக் கேள்வியின் வேரைத் தேடிப் போனால் பாபாவின் வாழ்க்கையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் ஒரு செல்வச் செழிப்பான பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா ஒரு வழக்கறிஞர். அத்தையைத் திருமணம் செய்தவர் தொராப்ஜி டாடா. நம்மைப் போல ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டிய வீடு இல்லை அது. 1927-ல் இங்கிலாந்துக்குப் போய்க் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். எடுத்த படிப்பு என்ன தெரியுமா? மெக்கானிக்கல்! படித்து முடித்து ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பு ஆலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டின் ஆசை. பையனுக்கோ மனசெல்லாம் இயற்பியல். கடைசியில் அப்பாவும் மகனும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். மெக்கானிக்கலில் முதல் வகுப்பு வாங்கினால் பிறகு இஷ்டப்பட்டதைப் படிக்கலாம். 1930-ல் முதல் வகுப்பிலேயே தேறினார். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!

அதன் பிறகு எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதைக் கணக்கிட்டுச் சொன்னார். அதற்கு இன்றும் பாபா சிதறல் என்றே பெயர். 1937-ல் ஹைட்லர் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் பட்டு எப்படி மழையாகப் பொழிகின்றன என்று விளக்கினார். இந்தக் கணக்குகள் என் சிற்றறிவுக்கு எட்டாதவை, தாண்டிப் போகிறேன்.

1939-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி.ராமன் இருந்த இயற்பியல் துறையில் சேர்ந்தார். 1941-ல், 31 வயதிலேயே லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். ஓவியம் வரைவார், ராமனையே படமாக வரைந்திருக்கிறார். மேல்நாட்டு இசையில் உயிர். பின்னாளில் டிராம்பேயில் கட்டடம் கட்டியபோது குறுக்கே நின்ற பெரிய மரங்களை வெட்ட விடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட வைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1944 மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஒன்றரை வருடம் முன்பே, அணுசக்தி வரப்போகிறது, அன்றைக்கு இந்தியா ஆளுக்காக வெளிநாட்டைப் பார்த்து நிற்கக்கூடாது என்பது அதன் சாரம். அதன் பலனாக 1945-ல் பிறந்ததுதான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்.

நாடு விடுதலை அடைந்தது. நேருவுக்கும் பாபாவுக்கும் நல்ல நட்பு. 1948 ஏப்ரலில் அணுசக்தி மசோதாவை நேரு சபையில் வைத்தார். இந்தத் துறையின் வேலைகள் இரகசியமாக இருக்கும் என்பது அதில் முக்கியமான அம்சம். அப்போது கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர் எழுந்து, இங்கிலாந்துச் சட்டத்தில் இரகசியம் ராணுவ விஷயத்துக்கு மட்டும்தானே இருக்கிறது, நாம் ஏன் ஆராய்ச்சி முழுவதையும் மூடி வைக்கிறோம் என்று கேட்டார். அமைதிக்கான வேலை எது, ஆயுதத்துக்கான வேலை எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதாக நேருவின் பதில் அமைந்தது. மசோதா நிறைவேறியது. ஆகஸ்ட் 10-ல் அணுசக்தி ஆணையம் அமைந்தது. மூன்றே உறுப்பினர்கள்: தலைவர் பாபா, அடுத்து பட்நாகர், மூன்றாமவர் நம் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1954 ஆகஸ்டில் அணுசக்தித் துறை தனியாக உருவாயிற்று. செயலாளர் பாபா. மேலே அமைச்சர் கிடையாது, நேராகப் பிரதமர்தான். அலுவலகமும் டெல்லியில் இல்லை, பம்பாயில்! 1958 மார்ச்சில் வந்த அரசுத் தீர்மானம், பாராளுமன்றம் ஒதுக்கும் தொகைக்குள் முழு நிர்வாக அதிகாரத்தையும் நிதி அதிகாரத்தையும் ஆணையத்துக்கே கொடுத்துவிட்டது. மற்ற துறைகள் ஒரு ஃபைலை நிதி அமைச்சகத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். இங்கே நிதி உறுப்பினர் ஆணையத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

இதனால் நன்மை இல்லையா? இருந்தது. ஆசியாவில், சோவியத் நாட்டை விட்டுப் பார்த்தால், முதல் அணு உலையான அப்சரா ஒன்றரை வருடத்துக்குள் எழும்பி 1956 ஆகஸ்ட் 4-ல் இயங்கியது. கனடா உதவியோடு சைரஸ் உலை 1960-ல் வந்தது. புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையை நம் பொறியாளர்களே கட்டினார்கள். 1957-ல் பயிற்சிப் பள்ளி தொடங்கி வருடா வருடம் இளைஞர்களை உருவாக்கினார். சிவப்பு நாடாவில் மாட்டியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது என்று நானும் நம்புகிறேன்.

ஆனால் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பெயர் மேகநாத் சாகா. டாக்கா பக்கத்தில் ஒரு கிராமத்து மளிகைக் கடைக்காரர் மகன், சுயமாகப் படித்து மேலே வந்து உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஆனவர். 1952-ல் மக்களவைக்கும் ஜெயித்து வந்தார். முதலில் பல்கலைக்கழகங்களையும் தொழிற்சாலைகளையும் வளர்க்க வேண்டும், பிறகு ஆணையம் வரட்டும் என்பது அவருடைய பழைய வாதம். 1954 மே மாதம் மக்களவையில் அணுசக்தி பற்றி விவாதம் வந்தபோது இந்த மூடுமந்திரத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான் என்பதாலோ என்னவோ, பாபாவைப் படிக்கப் போன இடத்தில் சாகா மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. அவருடைய கேள்வி நின்ற இடத்திலேயே நின்றது. 1956-ல் அவரும் காலமானார்.

கேள்வி கேட்பது ஆளை நம்பாமல் அல்ல. எங்கள் ஊரில் அப்பளம் தேய்க்கிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. மாவு எடை போட்டுத் தருவார்கள். தேய்த்த அப்பளத்தை எண்ணி வாங்குவார்கள். எத்தனையோ வருடமாக அம்மா தேய்க்கிறாள், இருந்தும் தினமும் எடை, தினமும் எண்ணிக்கை. அம்மா அதை அவமானமாக நினைத்ததே கிடையாது. எண்ணாமல் வாங்கினால்தான் நாளைக்குச் சண்டை வரும் என்பாள்.

இப்போது பத்துக் கோடிக்கு வருகிறேன். 1964 அக்டோபர் 16-ல் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1962-ல் பட்ட அடி ஆறவில்லை. நேரு மே மாதமே மறைந்துவிட்டார், சாஸ்திரி புதிய பிரதமர். நாடே கொதித்தது. அக்டோபர் 24 அன்று பாபா அகில இந்திய வானொலியில் பேசினார். உலக நாடுகள் ஆயுதத்தைக் கைவிட வேண்டும் என்றும் பேசினார். அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் மக்கள் காதில் நின்றது செலவுக் கணக்குத்தான். 10,000 டன் வெடிமருந்துக்குச் சமமான ஒரு குண்டு 17.5 லட்ச ரூபாய். 20 லட்சம் டன்னுக்குச் சமமானது 30 லட்சம். முதல் வகையில் 50 குண்டு 10 கோடிக்குள் முடியும், இரண்டாவது வகையில் 50 குண்டு 15 கோடி. அந்த வருடம் நாட்டின் பாதுகாப்புச் செலவு சுமார் 800 கோடி. அதன் பக்கத்தில் 10 கோடி எவ்வளவு சின்னதாகத் தெரிந்திருக்கும்!

நண்பர்களே, நான் மூன்றாம் ஆண்டு சிவில். எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் நமக்குப் பாடம். அந்தக் கண்ணோடு இதைப் பாருங்கள். அந்த 17.5 லட்சம் எங்கிருந்து வந்தது? துறைமுகம் தோண்ட, கால்வாய் வெட்ட அணுவெடி தருவதாக இருந்தால் என்ன விலை என்று அமெரிக்கா ஜெனீவா மாநாட்டில் சொன்ன தொகை அது. எங்கிருந்து எடுத்தது என்பதை பாபா மறைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் உலைகளும் ஆலைகளும் சோதனைத் திடலும் இருபது வருட ராணுவச் செலவில் முன்னமே எழும்பி நின்றன. அதற்கு மேல் ஒரு வெடி கூடுதலாகச் செய்ய ஆகும் விலைதான் அது. நம் நாட்டுக்கான மதிப்பீட்டில் உலை எங்கே? புளூட்டோனியம் ஆலை எங்கே? சோதனை, சுமந்து போகும் விமானம், பாதுகாத்து வைக்கும் கிடங்கு, காவல், பராமரிப்பு எல்லாம் எங்கே? என் அப்பா கொத்தனார். வீடு கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டு வருகிறவர்களுக்குச் செங்கல் விலையை மட்டும் சொல்லி, அஸ்திவாரத்தையும் கூரையையும் விட்டுவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது இது.

கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. மேதைதான், நேர்மையானவர்தான். எனக்கு உறுத்துவது வேறு. நவம்பரில் மக்களவையில் விவாதம் நடந்தது. குண்டு வேண்டும் என்றவர்கள் 10 கோடியைக் காட்டினார்கள். நாடு தாங்காது என்று அரசுத் தரப்பு சொன்னது. இரண்டு தரப்புக்கும் சரிபார்த்துச் சொல்ல அந்தத் துறைக்கு வெளியே ஆளே கிடையாது! கணக்குப் போடுகிறவரும் பாபா, செலவு செய்யப் போகிறவரும் பாபா, கணக்கு சரியா என்று சொல்லக்கூடிய ஒரே நிபுணரும் பாபா. 1948-ல் கிருஷ்ணமூர்த்தி ராவ் கேட்டதை அன்றைக்கே கவனித்திருந்தால் வேறு நாலு பேராவது இருந்திருப்பார்கள். முடிவில், அமைதிப் பணிக்கான அணுவெடிப்பு பற்றி ஆராயலாம் என்ற அளவுக்கு சாஸ்திரி இறங்கி வந்தார்.

அதற்குப் பிறகு பாபாவுக்குக் காலம் இல்லை. 1966 ஜனவரி 11-ல் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். ஜனவரி 24-ல் இந்திரா காந்தி பதவி ஏற்றார். அதே நாள், வியன்னாவில் ஒரு கூட்டத்துக்காக பாபா ஏறிய ஏர் இந்தியா விமானம் கஞ்சன்ஜங்கா, ஆல்ப்ஸ் மலையில் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதி நொறுங்கியது. 117 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாபாவுக்கு வயது 56. சதி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆதாரத்தை இதுவரை யாரும் காட்டவில்லை. சிகரத்தைத் தாண்டிவிட்டதாக விமானி தப்பாகக் கணித்துவிட்டார் என்பது விசாரணையில் வந்த முடிவு.

1967-ல் டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1974 மே 18-ல் பொக்ரானில் வெடித்தது சைரஸ் உலையின் புளூட்டோனியம்தான். அந்த முடிவை எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பாராளுமன்றத்துக்கு வெடித்த பிறகுதான் தெரியும். இன்றும் பட்ஜெட்டில் அணுசக்தித் துறைக்கு மானியக் கோரிக்கை உண்டு, பாதுகாப்புக்கும் உண்டு. அணு ஆயுதத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று தனித் தலைப்பு கிடையாது. எத்தனை குண்டு, எந்த இடம் என்பதெல்லாம் வெளியே வரக்கூடாது, சரி. மொத்தத் தொகையைக்கூட ஏன் மறைக்க வேண்டும்? அமெரிக்காவில் அணு ஆயுதப் பணிக்கு இவ்வளவு என்று வருடா வருடம் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள், அதனால் அவர்கள் இரகசியம் போய்விடவில்லையே!

மின் நிலையங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்க 1983-ல் ஒரு வாரியம் அமைத்தார்கள். அந்த வாரியமும் அணுசக்தி ஆணையத்துக்குக் கீழேதான் வைக்கப்பட்டது. கண்காணிக்கிற வாரியத்துக்குச் சுதந்திரம் போதாது என்று தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2012 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கூடங்குளம் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம் அது.

அதே ஆகஸ்டில் மான்ட் பிளாங்க் பனியாற்றில் மலையேறிகள் ஒரு பையைக் கண்டெடுத்தார்கள். பாபா போன விமானத்தில் இருந்த, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை. 46 வருடம் பனிக்குள் கிடந்திருக்கிறது. இரகசியப் பத்திரம் ஏதாவது இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். பிரித்துப் பார்த்தால், 1966 ஜனவரியின் பழைய செய்தித்தாள்களும் ஏர் இந்தியா காலண்டர்களும்தான் முக்கியமாக இருந்தன.