முழங்காலில் நின்ற மறைத்தூதர்



ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் இறுதிக்கு முந்தைய ஞாயிறன்று மறைபரப்பு ஞாயிறைக் கொண்டாடுகிறோம். ஆலயத்தில் தரப்படும் உறையில் நம்மால் இயன்றதை இட்டுக் காணிக்கையாக்குகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்ததாகவும் எண்ணிவிடுகிறோம். புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்வை உற்றுநோக்கினால், மறைபரப்புக்குப் பணத்தைவிட முதன்மையான தேவை ஒன்று உண்டு என்பது விளங்கும்.

1506ஆம் ஆண்டு நவார் நாட்டில் சவேரியார் கோட்டையில் பிறந்தவர் அவர். பாரீசில் கற்று, புனித இஞ்ஞாசியாரின் தோழரானார். 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறும்போது திருத்தந்தையின் தூதர் என்ற பதவி அவருக்கு இருந்தது. பயணத்திற்கு வேண்டிய அனைத்தையும் கொடுக்கப் போர்த்துகல் அரசர் ஆணையிட்டிருந்தார். அவரோ சில நூல்களையும், கடுங்குளிரைத் தாங்க ஒரு முரட்டு மேலாடையையும் மட்டுமே ஏற்றார். பணியாளரையும் வேண்டாம் என்றார். கப்பலில் நோயுற்றவர்களுக்குத் தாமே பணிவிடை செய்தார்.

1542இல் கோவா வழியாக முத்துக்குளித்துறைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். நோயாளிகள் பலர் தம்மை அழைத்தபோது, செபம் கற்ற சிறுவர்களையே அவ்வீடுகளுக்கு அனுப்பினார்.

அப்படியானால் பொருளுதவியை அவர் இகழ்ந்தாரா? இல்லை. 1544இல் வடுகர் படைக்கு அஞ்சிய மக்கள் குமரிமுனைப் பாறைகளில் பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். உதவிப் பொருள்களுடன் 20 தோணிகளில் அவர் புறப்பட்டார். எதிர்க்காற்று தடுத்தது. பிறகு தரைவழியே சென்று அம்மக்களைச் சந்தித்தார். அந்நாள்களில் தம் உடனுழைப்பாளருக்கு எழுதிய மடலில், சிறுவர்களைச் செபிக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் சென்ற 4000 பணத்தை வேதியர்களின் ஊதியத்துக்குக் கேட்டுப் பெற்றவரும் அவரே. பிறருக்காகத் தயங்காமல் கேட்டார். தமக்கென்று எதையும் தேடவில்லை.

1545இல் அவர் மயிலாப்பூர் வந்தார். முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு நகரப் பேருந்தில் எட்டும் தூரம்தான் அது. அடுத்து எங்கே செல்வது என்ற கேள்வி அவர் முன் நின்றது. ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கே தங்கி, திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே இரவுகளில் செபித்தார். ஓடிக்கொண்டே இருந்த மனிதர் இறைத்திருவுளம் அறியக் காத்திருந்தார். தெளிவு பெற்ற பிறகே மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

மயிலாப்பூரில் ஜான் தெ எய்ரோ என்ற வணிகர் தம் உடைமைகளைத் துறந்து அவரைப் பின்தொடர்ந்தார். பின்னர் மலாக்காவில் சவேரியாருக்குத் தெரியாமல் அவர் செல்வர்களிடம் பணம் வாங்கினார். அதற்காகச் சவேரியார் அவரை ஒரு சிறு தீவுக்கு அனுப்பி, நோன்பிருந்து செபிக்கச் சொன்னார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பணம் முன்னே வந்தால் இறைநம்பிக்கை பின்னே போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தோழர்களின் மடல்களில் இருந்த கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம்மோடு எப்போதும் அணிந்திருந்தார். தொலைதூரத் தீவுகளில் அவர்களுடைய செபமே அவருக்குத் துணை. 1552 டிசம்பர் 3 அன்று, சீனாவின் வாயிலில் சான்சியான் தீவில் இறந்தபோது அவரிடம் செல்வம் எதுவும் இல்லை.

1927இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவையும் சவேரியாருக்கு இணையாக மறைபரப்பின் பாதுகாவலராக்கினார். பதினைந்து வயதில் மடத்துக்குள் சென்று, அங்கேயே செபித்து 24 வயதில் மறைந்தவர் அவர். கடல் கடந்தவரையும் மடத்தைக் கடக்காதவரையும் திருச்சபை ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. அப்படியானால் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் நமக்கும், நோயில் படுத்திருக்கும் நம் முதியவர்களுக்கும் மறைபரப்பில் இடமுண்டு.

காணிக்கையைக் குறைக்க வேண்டாம். அது பசித்த வயிற்றுக்குச் சோறாகிறது. அதோடு நமக்குத் தெரிந்த ஒரு மறைப்பணியாளரின் பெயரை எழுதி வீட்டுப் பீடத்தில் வைப்போம். ஒவ்வொரு நாளும் குடும்பச் செபமாலையில் அவரை நினைவுகூர்வோம். எங்கோ தனிமையில் உழைக்கும் அவருக்கு அது தாங்கும் தோளாகும்.