சீமான்களைச் சீறவைத்த திட்டம்!

வரவு செலவுத் திட்டமா? அது கணக்கர்களின் வேலை, ஏழைக்கு அதிலே என்ன இருக்கிறது என்று ஒதுங்கிவிடுவோர் உண்டு, தோழர்களே! அந்தக் கணக்கேட்டையே போர்க்கருவியாக்கி, பிரபுக்களின் செருக்கை அடக்கிய ஒருவரின் வரலாற்றை அவர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவர்தான் லாயிட் ஜார்ஜ்.

1863-ல் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன் மாண்டார். குடும்பத்தைத் தாங்கியவர் தாய்மாமன் ரிச்சர்ட் லாயிட். வேல்ஸ் நாட்டுச் சிற்றூரிலே செருப்புத் தைத்துப் பிழைத்த உழைப்பாளி! வீட்டிலே தாய்மொழியாம் வேல்ஸ் மொழி. ஆட்சி பீடத்திலே ஆங்கிலம். அந்த வீட்டுப் பிள்ளை வழக்கறிஞரானார்; 1890-ல், 27-ஆம் வயதில், காமன்ஸ் சபை புகுந்தார்; 1908-ல் பிரிட்டனின் நிதியமைச்சரானார்.

அவ்வாண்டே முதியோர் உதவிச் சட்டம் நிறைவேறிற்று. 70 வயதான ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங். சிறு தொகைதான், ஆனால், ஓடாய் உழைத்துத் தேய்ந்தவன் ஏழைகள் விடுதியின் வாயிலிலே நிற்காதிருக்க அது உதவிற்று.

பணத்துக்கு எங்கே போவது? ஜெர்மனியோடு போட்டியிட்டுப் போர்க்கப்பல்களும் கட்டியாக வேண்டும். துண்டு விழுந்ததோ ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் பவுன்!

1909 ஏப்ரல் 29. லாயிட் ஜார்ஜ் திட்டத்தை வைத்தார். புகையிலைக்கும் மதுவுக்கும் வரி ஏறிற்று. ஏழைக்கும் சுமை உண்டு. ஆனால் 5,000 பவுனுக்கு மேல் வருமானம் உள்ளோருக்குத் தனி வரி. ஊர் வளர்ந்ததால், உரிமையாளர் விரலும் அசைக்காமலே நிலத்தின் மதிப்பு உயர்கிறதே, அந்த உயர்விலே ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு!

சீறினர் சீமான்கள். காமன்ஸ் சபை ஏற்ற திட்டத்தைப் பிரபுக்கள் சபை நவம்பர் 30-ல் 75-க்கு எதிராக 350 வாக்குகளால் வீழ்த்திற்று. மக்கள் தேர்ந்தெடுத்தோர் விதித்த வரியை, பிறப்பால் இடம் பெற்றோர் தடுப்பதா? 1910 ஜனவரியில் தேர்தல். லிபரல் கட்சி பல இடங்களை இழந்தது. தொழிற்கட்சி, அயர்லாந்துக் கட்சியினரின் துணையோடு ஆட்சியிலே நின்றது. ஏப்ரலில் திட்டம் சட்டமாயிற்று. 1911-ல் இன்னொரு சட்டம்: நிதி மசோதாவைத் தடுக்கும் அதிகாரம் பிரபுக்களுக்கு இனி இல்லை!

அதே ஆண்டில் நோய்க்கால இன்ஷூரன்ஸ். வாரந்தோறும் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2.

குறைகளை மறைக்க மாட்டோம். 1916 முதல் 1922 வரை அவர் பிரதமராக இருந்தார். அந்த நிலவரி 1920-ல், அவர் ஆட்சியிலேயே நீக்கப்பட்டது. பிரபுக்களோடு மோதியவர் 1945-ல் தாமே பிரபுப் பட்டம் ஏற்றார், அவ்வாண்டே மறைந்தார். ஆயினும், முதியவரின் உதவித் தொகை அவரோடு மறையவில்லை. நிதி மசோதாவைத் தடுக்கும் அதிகாரம் பிரபுக்களிடம் திரும்பவும் இல்லை.

எந்த அரசு திட்டம் தீட்டினாலும் இரு கேள்விகள் கேளுங்கள், தோழர்களே! சுமை யார் தோளிலே? சோறு யார் இலையிலே? கேட்கத் தெரிந்த உழைப்பாளியைக் கணக்குக் காட்டி ஏய்க்க எவராலும் ஆகாது!