பாதரசமும் ஒரு சிற்றறையும்

இன்றைய வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில் ராருளி என்னும் சிற்றூரில், 1861 ஆகஸ்டு 2 ஆம் நாள் பிறந்தவர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய். உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்று, 1887 இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியபோது உயர்நிலைக் கல்விப் பணி பெரும்பாலும் வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. 1889 இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியரானார்.

1896 இல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பாதரசத்தை மிகுதியாக இட்டுவைத்தார். மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. ஏதோ காரவுப்பு என்றே முதலில் கருதினார். பகுத்தாய்ந்தபோது, அதுவரை எவரும் அறியாத மெர்க்குரஸ் நைட்ரைட்டு எனத் தெளிந்தது. நம் சித்தர்கள் போற்றிய பாதரசமே அவருக்கு உலகப் புகழ் தந்தது! பழம்பெரும் இரசவாத ஏடுகளைத் தேடித் தொகுத்து, இந்திய வேதியியல் வரலாற்றை இரு தொகுதிகளாகவும் எழுதினார்.

எழுநூறு ரூபாய் முதலில் அவர் தொடங்கிய மருந்துத் தொழில், 1901 இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனமாக வளர்ந்தது. செல்வம் அவரிடம் தங்கவில்லை. அவர் சமணர் அல்லர். ஆயினும் மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை அவர்போல் காத்தோர் சிலரே. மணம் புரியவில்லை. அறுபதாம் அகவையில், 1921 இல், எஞ்சிய பணிக்கால ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கே முன்னதாக எழுதிக்கொடுத்தார். அதன்பின் 15 ஆண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார்.

அறிவியல் கல்லூரியின் ஓர் அறையே அவர் இல்லம், மாணவரே சுற்றம். 1944 சூன் 16 அன்று அவ்வறையிலேயே, மாணவர் சூழ, உயிர் நீத்தார்.